உகாண்டா: கொரில்லா பெர்மிட் ஒரு பக்கம், விடுதி இன்னொரு பக்கம். என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
ஜூலையில் நானும் மனைவியும் அம்மாவும் (63 வயது) உகாண்டா போகிறோம். எண்டெபியில் இறங்கி, கிபாலேயில் சிம்பன்சி, குயின் எலிசபெத் பூங்கா, கடைசியாக பிவிண்டிக் காட்டில் கொரில்லா. ஏஜென்ட் அனுப்பிய தாள்களை நேற்று ஒத்துப் பார்த்தால், கொரில்லா பார்க்கும் அனுமதிச் சீட்டான பெர்மிட்டில் ருஷாகா என்றும் விடுதிக்கு புஹோமா என்றும் இருக்கிறது. கேட்டால், "ஒரே காடுதானே சார்" என்கிறார். காலையில் வண்டியில் போய்விட முடியுமா? அம்மாவுக்கு வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் பார்க்க ஆசை. அதற்காக இரண்டு நாள் கென்யாவின் மசாய் மாரா சேர்க்கலாமா?

காட்டுப்பூனை:
முடியாது. காடு ஒன்றுதான், ஆனால் புஹோமா வடக்கே, ருஷாகா தெற்கே. நடுவில் மலையைச் சுற்றிக்கொண்டு போக மணிக்கணக்கில் ஆகும். காலை எட்டு மணிவாக்கில் ரேஞ்சர்கள் விவரம் சொல்லிக் குழு பிரித்துவிடுவார்கள். ஆளுக்கு 800 டாலர் கட்டிவிட்டு அதைத் தவறவிடுவானேன்?

பெர்மிட்டைத் தொடாதீர்கள். ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு நாளைக்கு எட்டுப் பேர்தான், ஜூலையில் மாற்றுத் தேதி கிடைப்பது கஷ்டம். விடுதியை ருஷாகா பக்கம் மாற்றச் சொல்லுங்கள். குயின் எலிசபெத்தின் தென்கோடியில் இஷாஷா இருக்கிறது, அத்திமரத்தில் ஏறிப் படுக்கும் சிங்கங்கள் அங்கேதான். காலையில் அதை முடித்துவிட்டு, இருட்டுவதற்குள் ருஷாகா சேரும்படி கிளம்புங்கள்.

மாரா வேண்டாம். நாள் எல்லாம் விமான நிலையத்திலேயே போய்விடும். குயின் எலிசபெத்தில் யானை, எருமை, கசிங்கா கால்வாயில் படகுக்குப் பக்கத்திலேயே நீர்யானை எல்லாம் உண்டு. வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் மட்டும் கிடையாது. இரண்டுமே எம்புரோ ஏரிப் பூங்காவில் இருக்கின்றன. பிவிண்டியிலிருந்து எண்டெபி திரும்பும் வழியில் ஒரு ராத்திரி அங்கே தங்கினால் போதும்.

டாக்டர் மாமா:
மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று உகாண்டாவில் நுழையவும் வேண்டும், இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஆனால் 60 தாண்டியவர்களுக்கு முதல் முறை போடும்போது பக்கவிளைவு அபாயம் கொஞ்சம் கூடுதல். அம்மாவை முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள்.

வைகைக்கரை:
நன்றி. விடுதி மாற்ற ஏஜென்ட் ஒப்புக்கொண்டார், கொஞ்சம் முனகலோடு. எம்புரோவும் சேர்ந்தாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. கொரில்லா பார்க்க மலை ஏறிவிடுவாரா?

காட்டுப்பூனை:
காலையில் குழு பிரிக்கும் முன்பே ஓட்டுநரை ரேஞ்சரிடம் சொல்லச் சொல்லுங்கள்; முதல் நாள் பக்கத்தில் தென்பட்ட குடும்பத்துக்கு அனுப்பப் பார்ப்பார்கள். உத்தரவாதம் இல்லை, கொரில்லா அதற்குள் நகர்ந்திருக்கலாம். அம்மாவுக்குத் தனியாக ஒரு போர்ட்டர் கட்டாயம். பை தூக்க மட்டுமல்ல, சேற்றுச் சரிவில் கைபிடித்து இழுக்கவும் அவர்தான். முடியாதவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகவும் ஆள் கிடைக்கும், செலவுதான் அதிகம்.

தோட்டவேலைக் கையுறை எடுத்துப் போங்கள். பிடிமானத்துக்கு எட்டும் செடியெல்லாம் காஞ்சொறி மாதிரி அரிக்கும். பேண்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், கீழே எறும்பு வரிசை போகும். சளி, இருமல் இருந்தால் மறைக்காதீர்கள். நம் நோய் அவற்றுக்கும் தொற்றும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஃபிளாஷுக்கு அனுமதி இல்லை. கிபாலேயில் சிம்பன்சி ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும், அங்கே படத்தைவிட்டு அந்தக் கூச்சலைக் கேளுங்கள். பக்கத்து பிகோடி சதுப்பில் மாலை நடை போனால் கோலோபஸ் குரங்குகளையும் பார்க்கலாம். பாதை சமதளம்தான், அம்மா தாராளமாக வரலாம்.