தவக்கால உண்டியலும் சுவரில் ஒட்டும் நட்சத்திரமும்

ரோஸ்ஹில்_அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். மொரீஷியஸில் பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பள்ளியில் படிக்க வைக்கிறவர்களிடம் ஒரு கேள்வி. நாங்கள் முருகனைக் கும்பிடுகிற வீடு, மகள் பக்கத்திலிருக்கும் கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியில் 4ஆம் வகுப்பு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு அட்டைப் பெட்டி கொடுத்தார்கள். ஈஸ்டருக்குள் பிடித்தது ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்து, மிச்சமாகும் காசை அதில் போட வேண்டுமாம், பங்கில் (அந்த மாதா கோவிலைச் சேர்ந்த வட்டாரத்தில்) உள்ள கஷ்டப்படும் குடும்பங்களுக்குப் போகுமாம். அதில் எனக்கு மறுப்பே இல்லை. கேட் வாசலில் வாங்கும் தால் பூரியை வாரத்தில் 2 நாள் விடுகிறேன் என்று அவளே சொல்லிவிட்டு, பெட்டியைச் சாமி அலமாரியில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். (காவடிக்கு 10 நாள் விரதம் இருந்த பிள்ளை, இதெல்லாம் அவளுக்குப் புதுசு இல்லை.)

சிக்கல் என்னவென்றால், வகுப்புச் சுவரில் பேர் பேராக எழுதி அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் எண்ணிப் பார்ப்பார்களாம், 100 ரூபாய்க்கு ஒரு நட்சத்திரம். இவளிடம் இருப்பது நாற்பத்துச் சொச்சம். முந்தாநாள் ராத்திரி என் கைப்பையிலிருந்து 100 ரூபாய் நோட்டை எடுத்து மடித்து மடித்துப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். திட்டவும் மனசு வரவில்லை. பள்ளியில் போய்ப் பேசலாமா, இல்லை இந்து வீட்டுக்காரிக்கு எங்கள் தவக்காலத்தில் என்ன வேலை என்பார்களா?

ஓய்வு_வாத்தியார்:
தாராளமாகப் போய்ப் பேசுங்கள் அம்மா. கத்தோலிக்கப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். சாம்பல் புதன் பூசையில் வருஷா வருஷம் வாசிக்கிற நற்செய்தியே மத்தேயு 6ஆம் அதிகாரம்தான், நீ தருமம் செய்யும்போது வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பது. காலையில் அதை வாசித்துவிட்டு மத்தியானம் சுவரில் நட்சத்திரம் ஒட்டினால் எப்படி? டீச்சரிடம் சண்டையாக வேண்டாம், இந்த வசனத்தை மட்டும் நினைவுபடுத்துங்கள்.

நான் இருந்த ஒரு பள்ளியில் வகுப்புக்கு ஒரே ஒரு பால் மாவு டின், மூடியில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. வெள்ளிக்கிழமை எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக வந்து, மூடிய கையை உள்ளே விட்டு, விரித்துக் காட்டிவிட்டுப் போக வேண்டும். காசு கொண்டுவராத பிள்ளையும் வெறுங்கையை மூடிக்கொண்டுதான் வரும். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று எனக்கே தெரியாது. வசூல் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

போர்ட்லூயி_77:
எனக்கு இந்தப் பெட்டி விவகாரமே பிடிக்கவில்லை சார். ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் தருகிறது, பள்ளிக்கூடம் இலவசம், அப்புறம் ஏன் 9 வயசுப் பிள்ளையிடம் கை நீட்ட வேண்டும்? அதைவிட ஒன்று. இந்தக் காசு எந்தக் குடும்பத்துக்குப் போகிறதோ, அந்த வீட்டுப் பிள்ளையே அதே வகுப்பில் தன் பேருக்கு நேரே நட்சத்திரம் இல்லாத கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதை யாராவது யோசித்தார்களா?

மரியபுஷ்பம்:
77 சார் சொன்ன கடைசி விஷயம் முழுக்கச் சரி. ஆனால் பெட்டியே வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன், பிள்ளைக்குக் கொடுத்துப் பழக்கம் வர வேண்டாமா?

அக்கா, இந்து வீடு என்று தயங்கவே தயங்காதீர்கள். செப்டம்பர் 8 ராத்திரி, பெர் லவால் சாமியாரின் கல்லறை இருக்கிற சாந்த் குருவாவுக்கு நடந்து போகிற கூட்டத்தில் குங்குமம் வைத்த நெற்றி எத்தனை என்று பாருங்கள். அவரும் பிரான்சில் டாக்டராக இருந்து சாமியாரானவர், 1841இல் இங்கே வந்து, அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டும் நாதியில்லாமல் இருந்த ஜனங்களோடு 1864இல் சாகும்வரை இருந்தார். அவர் பேரைச் சொல்கிற ஊரில் உங்களை வெளியாள் என்று எவர் சொல்லுவார்?

அந்த நோட்டை மட்டும் மகள் கையாலேயே வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அது உங்கள் காசு, அவள் விட்ட தால் பூரி இல்லை. கொடுக்கத் தோன்றினால் நீங்கள் தனியாகப் பங்கு கரித்தாஸில் (ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பு) கொடுங்கள். (மடித்த மடிப்பில் நோட்டில் படமாக இருக்கிற ரெங்கநாதன் சீனிவாசனுக்கு மூச்சு முட்டியிருக்கும், பாவம்.)

ரோஸ்ஹில்_அம்மா:
எல்லோருக்கும் நன்றி. இன்றைக்குப் பேசினேன். வசனத்தைச் சொன்னதும் டீச்சர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார், பிறகு தலைமை ஆசிரியையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அட்டவணை இன்னும் சுவரில்தான் இருக்கிறது, பார்ப்போம்.

நோட்டை எடுக்கப் பெட்டியின் அடியைச் சமையல் கத்தியால் கீற வேண்டியதாயிற்று. அவளே எடுத்து என் கையில் கொடுத்தாள், முகத்தைத்தான் பார்க்கவில்லை. திருப்பி ஒட்டும்போது டேப் தீர்ந்துபோய் ஒரு பக்கம் திறந்தே இருக்கிறது. காசு சிந்தாமல் இருக்க விபூதித் தட்டைக் கீழே வைத்திருக்கிறாள்.