பின்வளவுக் கொட்டில் 20 சென்டிமீட்டர் உயரம் கூடிவிட்டது, கழற்ற வேண்டுமா?

பனங்காய்:
வடமேற்கு லண்டனில் டெரஸ் வீடு (சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு). போன மாதம் பின்வளவில் மரக் கொட்டில் ஒன்று போட்டோம். தட்டைக் கூரை, 4 மீட்டருக்கு 3 மீட்டர், வேலியிலிருந்து அரை மீட்டர்தான் தள்ளி. போட்டுத் தந்தவர் "ஷெட்டுக்கு கவுன்சில் பெர்மிஷன் தேவையில்லை" என்றார். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் முறையிட்டு, கவுன்சில் கடிதம் வந்திருக்கிறது. அளந்தால் உயரம் 2.7 மீட்டர்.

சுத்தியல்:
அவர் சொன்னது பாதிதான் உண்மை. எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் கொட்டிலின் ஒரு மூலை வந்தாலும் மொத்த உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக்கூடாது. தள்ளி நின்றால் தட்டைக் கூரைக்கு 3, இருபக்கச் சரிவுக் கூரைக்கு 4 வரை போகலாம். ஆனால் டெரஸ் வீட்டு வளவில் 2 மீட்டர் தள்ளினால் கொட்டில் நட்டநடுவில் நிற்கும்! கூரையை இறக்க வழி பாருங்கள்.

ஊர்க்குருவி:
பேசாமல் இருங்கள் தம்பி. நாலு வருஷம் போனால் ஒருவரும் கேட்க முடியாது.

சுத்தியல்:
அது பழைய கதை அண்ணை. இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 25 முதல் கட்டி முடித்தவற்றுக்கு 10 வருஷம். கடிதம் வந்த பிறகு பதில் போடாமல் இருந்தால் வில்லங்கம்தான் கூடும்.

மல்லிகைப்பந்தல்:
தம்பி, எந்தப் பக்கம் நின்று அளந்தீர்கள்? வளவு சரிவாக இருந்தால், கொட்டிலை ஒட்டிய நிலத்தில் ஆக உயர்ந்த இடத்திலிருந்துதான் கணக்கு. பிறகு போட்ட ஸ்லாப்பில் டேப்பை வைக்காதீர்கள், இயற்கையான தரையில் வையுங்கள். எங்கள் வீட்டிலும் இவர் பள்ளத்தில் நின்று அளந்துவிட்டு இரண்டு நாள் நித்திரை கொள்ளவில்லை.

பனங்காய்:
அக்கா, மழைக்குள்ளேயே போய் அளந்தேன். வேலிப் பக்கம் 2.7. வீட்டுப் பக்கம், புல்தரையிலிருந்து 2.46! டேப் தெரியப் படம் எடுத்து கவுன்சிலுக்கு அனுப்பியாயிற்று. இன்னொன்று, கோடையில் அம்மா ஊரிலிருந்து வருகிறார். அதற்குள் கட்டில் போடலாமா?

மல்லிகைப்பந்தல்:
வேண்டாம். 15 சதுர மீட்டருக்குள் இருப்பதால்தான் கட்டட விதிகள் உங்களைத் தொடவில்லை. ஆள் படுக்கும் இடமானால் அந்தச் சலுகை போய்விடும். பெர்மிஷன் இல்லாமல் கட்ட விட்டிருப்பதும் சாமான், சைக்கிள் வைக்கிற மாதிரி வீட்டுக்குத் துணையான பாவனைக்குத்தான். அம்மாவுக்கு உங்கள் அறையைக் கொடுங்கள், நீங்கள் ஹோலில் படுங்கள்.