சொல் தேவை: 'பூட் ஆகவில்லை' என்பதற்கு ஒன்று போதாது

நண்பர்களுக்கு வணக்கம்.

பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிய கணினி போன வாரம் படுத்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். ராம் (நினைவகம்) பெட்டியில் வேகம் 3600 என்று போட்டிருந்தது. மதர்போர்டோ அதை 2133-இல் ஓட்டிக்கொண்டிருந்தது. மதர்போர்டின் அமைவுத் திரையான பயாஸுக்குள் போய், ராமைப் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பி அமைவை இயக்கிச் சேமித்தேன். அப்புறம் விசிறி சுற்றியது, விளக்குகள் எரிந்தன, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

உதவி கேட்டுத் தமிழில் எழுதினேன்: "கணினி தொடங்கவில்லை." ஒருவர் விண்டோஸைப் பழுதுபார்க்க யூஎஸ்பி தயாரிக்கச் சொன்னார். இன்னொருவர் வட்டைச் சந்தேகப்பட்டார். மூன்றாமவர் பவர் சப்ளையை மாற்றச் சொன்னார். அவர்கள் மேல் குறையில்லை, என் வாக்கியத்துக்குள் மூன்று நோய்கள் இருந்தன. மின்சாரமே வராமல் இருக்கலாம். மின்சாரம் வந்தும் மதர்போர்டு தன் சோதனையை முடிக்காமல் இருக்கலாம். அதை முடித்தும் இயங்குதளம் வராமல் இருக்கலாம். ஆங்கிலத்தில் கேட்பவர்கள் பின்னிரண்டையும் 'நோ போஸ்ட்', 'நோ பூட்' என்று பிரித்துவிடுகிறார்கள். நமக்கு எல்லாமே 'தொடங்கவில்லை'.

எனக்கு வந்தது இரண்டாவது. மதர்போர்டின் ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள் உண்டு: செயலி, நினைவகம், வரைகலை அட்டை, கடைசியாகப் பூட். நினைவக விளக்கிலேயே நின்றுவிட்டது. அந்த நிலையில் மதர்போர்டு வட்டைத் தேடவே ஆரம்பிப்பதில்லை. விண்டோஸைப் பழுதுபார்த்து என்ன பயன்?

என் முன்மொழிவு: போஸ்ட் என்பதற்கு விழிப்புச் சோதனை, பூட் என்பதற்குத் தளமேற்றம், அதாவது இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றுவது. பூட் லோடர் தளமேற்றி, பூட் ஆர்டர் தளமேற்று வரிசை. கருத்துச் சொல்லுங்கள்.

-----

> பூட் என்பதற்குத் 'துவக்கம்' ஏற்கெனவே இருக்கிறதே. 'துவக்கு வட்டு' என்று பலர் எழுதுகிறார்கள். புதிதாக எதற்கு?

ஐயா, ஈழத்து நண்பர் ஒருவரிடம் 'துவக்கு வட்டு' என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் பேச்சில் துவக்கு என்றால் துப்பாக்கி. சரி, 'தொடக்கு' என்று மாற்றலாம் என்றால் அது தீட்டில் போய் நிற்கிறது.

சிரிப்பை விட்டுப் பார்த்தாலும், 'துவக்கம்' எதன் துவக்கம் என்று சொல்வதில்லை. பூட் என்ற சொல்லே காலணியின் வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது பற்றிய ஆங்கில வேடிக்கையிலிருந்து வந்தது. அதை நாம் சுமக்க வேண்டாம். 1964-இல் வந்த சிஸ்டம்/360-க்கு ஐபிஎம் இதே வேலையை 'முதல் நிரல் ஏற்றம்' என்ற பொருள்பட அழைத்தது. தளமேற்றம் அந்த வழியில்தான் வருகிறது.

> 'விழித்தல்' என்று வைத்தால் அடுத்து 'எழுதல்' என்று வைக்கலாமே? மனிதன் விழித்த பிறகுதானே எழுகிறான்.

அழகான ஜோடிதான், எனக்கும் ஆசை வந்தது. ஆனால் 'எழுதவில்லை', 'எழவில்லை' இரண்டும் வட்டைப் பற்றிய பேச்சிலேயே வரும். தட்டச்சில் ஓர் எழுத்து விழுந்தால் பொருள் மாறிவிடும். அதோடு, கணினி கெட்டுக் கிடக்கிறவனிடம் 'எழவு' என்ற ஒலி வருகிற எதையும் நீட்டக் கூடாது.

> போஸ்டுக்குத் 'தன்சோதனை' போதாதா?

வட்டுகளும் தன்சோதனை செய்கின்றன. எந்தச் சோதனை என்று மறுபடி கேட்க வேண்டிவரும்.

> இணையதளமும் தளம், பதிவேற்றம் அப்லோட். 'தளமேற்றம்' என்றால் வலைத்தளத்தை வழங்கியில் ஏற்றுவதாகத்தான் நான் படித்தேன்.

இது நியாயமான அடி. இரண்டு நாள் யோசித்தேன். நாம் எப்போதும் பெயர்ச்சொல்லைத்தான் தேடுகிறோம். சொற்பட்டியல்களும் அதைத்தான் கேட்கின்றன. ஆனால் கணினி கெட்டவன் பேசுவது வினைச்சொல்லில். அவனுக்கு வேண்டியது 'விழிக்கவில்லை', 'விழித்தது, ஆனால் இயங்குதளம் ஏறவில்லை' என்ற இரண்டு வாக்கியங்கள். இவற்றில் குழப்பமே இல்லை. 'தளமேற்றி' போன்ற கூட்டுச்சொற்கள் இவற்றின் நிழலில் பிழைத்துக்கொள்ளும். ரீபூட்டை நான் தொடப்போவதில்லை. 'மறுதளமேற்றம்' யார் நாக்கிலும் ஏறாது; 'மறுதொடக்கம்' இருக்கட்டும்.

'விழிக்கவில்லை' இன்னொரு வசதியும் தருகிறது. டிடிஆர்5 நினைவகம் பூட்டிய முதல் தடவை, மதர்போர்டு அதைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். பயந்துபோய்ப் பொத்தானை அழுத்தி அணைப்பவர்கள் உண்டு. அது 'விழிக்க நேரமெடுக்கிறது'.

-----

> கணினி கடைசியில் என்ன ஆயிற்று? சிமாஸ் கிளியர் செய்தீர்களா? அதற்கும் ஒரு சொல் வேண்டுமே.

செய்தேன், அதாவது பயாஸில் மாற்றிய அமைவுகளை மதர்போர்டு மறக்கும்படி செய்தேன். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, அதற்கென்று மதர்போர்டில் இருக்கும் இரண்டு ஊசிகளையும் திருப்புளி முனையால் சில நொடிகள் சேர்த்துப் பிடித்தேன். மறுபடி போட்டதும் விழித்தது. ஆனால் இயங்குதளம் ஏறவில்லை! என் பழைய வட்டு எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்தது. அப்படிப்பட்ட வட்டிலிருந்தும் இயங்குதளத்தை ஏற்ற உதவும் சிஎஸ்எம் என்ற பயாஸ் அமைவை எப்போதோ இயக்கி வைத்திருந்தேன். எக்ஸ்எம்பியோடு சேர்த்து அதையும் மதர்போர்டு மறந்துவிட்டது, வட்டு பட்டியலிலேயே இல்லை. சிஎஸ்எம்மைத் திரும்ப இயக்கினேன், விண்டோஸ் வந்தது. ஒரே மாலையில் இரண்டு நோயும் பார்த்தாயிற்று.

சொல்லுக்கு வருவோம். 'சிமாஸ்' என்பதை மொழிபெயர்க்கவே கூடாது என்பது என் கட்சி. அது சில்லு தயாரிக்கும் ஒரு முறையின் பெயர். 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில் மோட்டரோலாவின் கடிகாரச் சில்லு ஒன்று இருந்தது. அதில் 64 பைட் நினைவகம். கடிகார வேலைக்கு 14 போக மீதி 50 பைட்டில் கணினியின் அமைவுகள். மின்கலத்தில் உயிர்வாழும் அளவுக்குக் குறைவாக மின்சாரம் குடிப்பதற்காக அது சிமாஸ் முறையில் செய்யப்பட்டது. இன்று மதர்போர்டிலுள்ள சில்லுகள் ஏறக்குறைய எல்லாமே சிமாஸ்தான். அமைவுகளோ பெரும்பாலும் பயாஸ் இருக்கும் அதே ஃபிளாஷ் சில்லில் கிடக்கின்றன. சிஆர்2032 காசு மின்கலத்துக்கு முக்கிய வேலை கடிகாரத்தை ஓட்டுவது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆகவே செய்யும் வேலையைச் சொல்வோம். முதலில் 'அமைவு அழிப்பு' என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அழிப்பு என்றதும் கோப்பெல்லாம் போய்விடும் என்று புதியவர் கைவைக்கவே பயப்படுவார். கோப்புகளை இது தொடுவதில்லை. 'அமைவு மறப்பு' என்கிறேன். நாம் சொல்லிக்கொடுத்ததை மதர்போர்டு மறந்து, பிறந்தபோது தெரிந்ததற்குத் திரும்புகிறது. வினையில் 'அமைவை மறக்கடி'. (வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மறக்கடிக்கவும். அடுத்த முறை ஏறும்போது கேட்டாலும் கேட்கும்.)

-----

> 'மறப்பு' கொஞ்சம் கவிதையாக இருக்கிறது. 'அமைவு மீட்டமைப்பு' என்றால் என்ன?

மீட்டமைப்பு ரீசெட். பயாஸ் திரையிலேயே அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. திரையே வராதபோது ஊசியைச் சேர்த்துச் செய்வது வேறு வேலை, வேறு பெயர் இருக்கட்டும். கவிதை என்ற குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

-----

> இழையைப் படித்துக்கொண்டிருந்தேன். நேற்று நானும் நினைவக வேகத்தைக் கூட்டினேன். நினைவக விளக்கில் நிற்கிறது, மறக்கடித்தும் விழிக்கவில்லை. சரியாகச் சொன்னேனா?

சரியாகச் சொன்னீர்கள், விண்டோஸ் பக்கம் போகவே வேண்டாம். அணைத்து, கம்பியைப் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு ராமை மட்டும் வைத்துப் பாருங்கள். நான்கு ஸ்லாட் இருந்தால் பெரும்பாலும் செயலியிலிருந்து இரண்டாவதுதான். கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விழிக்காவிட்டால் அதே ஸ்லாட்டில் மற்ற ராமைப் போட்டுவிட்டு எழுதுங்கள்.