கூடுதல் நீதிபதியை நிரந்தரமாக்காமல் விடுவது பதவி நீக்கம் ஆகாதா?

கேள்வி (சட்ட மாணவி):
உயர் நீதிமன்ற நீதிபதி 62 வயது வரை பதவி வகிப்பார் என்றும், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றினாலொழிய அவரை நீக்க இயலாது என்றும் படிக்கிறோம். ஆனால் கூடுதல் நீதிபதியாக வருபவருக்கு இரண்டு ஆண்டுகளே கிடைக்கின்றன. அதன்பின் நிரந்தர நியமன ஆணை வராவிட்டால், விசாரணையும் தீர்மானமும் இன்றி அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? இது எப்படிச் சரியாகும்?

பதில் (வழக்குரைஞர்):
சட்டத்தின் கண்ணில் அது நீக்கம் அன்று. காலம் முடிந்து பதவி தானாக அற்றுப்போவது. தற்காலிகமாக வேலை பெருகினாலோ வழக்குகள் தேங்கினாலோ இரண்டு ஆண்டுகளுக்கு மிகாமல் கூடுதல் நீதிபதிகளை நியமிக்கலாம் என்று அரசியலமைப்பின் 224ஆம் பிரிவு சொல்கிறது. தேக்கம் ஒருநாளும் தீராததால், தற்காலிக ஏற்பாடே நிலையான நுழைவாயிலாகிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் 75 இடங்களில் 19 கூடுதல் நீதிபதிகளுக்கானவை. கூடுதல் நீதிபதி தகுதிகாண் பருவத்தில் இருப்பவர் அல்லர் என்று 1981இல் எஸ்.பி. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். நிரந்தரமாக்கும் நேரத்தில் அவர் எழுதிய தீர்ப்புகளை எடுத்துவைத்து மதிப்பிடுவதும் உண்மைதான்.

பதில் (சட்டத் தமிழ் ஆசிரியர்):
ஓர் எடுத்துக்காட்டு. மாவட்ட நீதிபதியாக இருந்த புஷ்பா கணேடிவாலா 2019இல் மும்பை உயர் நீதிமன்றத்தில் கூடுதல் நீதிபதியானார். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குகளில் அவர் அளித்த தீர்ப்புகள் கடும் விமர்சனத்துக்கு உள்ளானதும், அவரை நிரந்தரமாக்கும் பரிந்துரையை உச்ச நீதிமன்றக் கொலீஜியம் (நீதிபதி நியமனங்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழு) திரும்பப் பெற்றது; ஓராண்டு நீட்டிப்பு மட்டும் கிடைத்தது; அது முடியும் தறுவாயில், 2022 பிப்ரவரியில், அவர் பதவி விலகினார். அத்தீர்ப்புகளை நானும் ஏற்கவில்லை. ஆயினும், தீர்ப்புக்காக ஒருவரின் பதவி நீளாமல் போகலாம் என்ற நிலை மற்றக் கூடுதல் நீதிபதிகளின் பேனாவைத் தயங்க வைக்காதா என்ற ஐயம் நியாயமானதே.

பதில் (வழக்குரைஞர்):
எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். நிரந்தரமான பின் ஒருவரை நீக்குவது ஏறத்தாழ நடக்காத காரியம். மக்களவையில் 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ கையெழுத்திட வேண்டும். மூவர் குழு விசாரித்துக் குற்றம் மெய்ப்பட வேண்டும். பிறகு ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினரும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். கொல்கத்தா நீதிபதி சௌமித்ர சென்னுக்கு எதிராக 2011இல் மாநிலங்களவை தீர்மானத்தை நிறைவேற்றியது. மக்களவைக்கு வருமுன் அவர் குடியரசுத் தலைவருக்குப் பதவி விலகல் கடிதம் அனுப்பிவிட்டார். இவ்வளவு கடினமான கதவு பின்னால் இருப்பதால்தான் முன்கதவில் இரண்டு ஆண்டு நிறுத்திப் பார்க்கிறார்கள் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் காரணத்தையாவது எழுத்தில் தரலாமே?

பதில் (சட்டத் தமிழ் ஆசிரியர்):
தரலாம், தர வேண்டும் என்றே நானும் கருதுகிறேன். இன்னொன்று: நிரந்தர நீதிபதியாக இருந்தவர் அதே நீதிமன்றத்தில் வழக்காடக் கூடாது என்னும் 220ஆம் பிரிவின் தடை, கூடுதல் நீதிபதியாகவே வெளியேறியவரைக் கட்டுப்படுத்தாது.