எபாக்சி பூசியதும் லூரின் கண் செத்துப்போகிறது. எங்கே தவறு?

உப்பங்கழி:

அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதமாகக் கொடுவா மீனுக்கு மரத்தில் லூர் (தூண்டிலில் கட்டும் பொய் மீன்) செதுக்கிக்கொண்டிருக்கிறேன். கல்யாண முருங்கைக் கட்டை, 11 செ.மீ. நீளம், வயிற்றில் ஈயம், மூக்கிலிருந்து வால் வரை ஒரே துண்டாகத் துருப்பிடிக்காத கம்பி. புன்னைக்காயல் கழிமுகத்தில் இழுத்துப் பார்த்தேன். நீச்சல் ஆட்டம் திருப்தியாக வந்துவிட்டது. கண்தான் தகராறு.

வெளிச்சத்தைப் பிடித்துத் திருப்பும் கண் வேண்டும் என்று ஆசை. சாலைப் பணியாளர்கள் அணியும் ஆரஞ்சு நிற மேலாடை பழையது ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் வெள்ளிப் பட்டையிலிருந்து, அலுவலகப் பஞ்சிங் மெஷினால் 6 மி.மீ. வட்டங்கள் எடுத்தேன். இரவில் கைபேசி விளக்கை அடித்தால் ஒவ்வொன்றும் பூனைக்கண் போல எரிந்தது. உடனடிப் பசையால் ஒட்டி, கறுப்பு மார்க்கரால் கருமணி வைத்து, மேலே, பிசினும் ஹார்டனரும் (அதை இறுகவைக்கும் திரவம்) என இரண்டு பாகம் கலக்கும் எபாக்சியைத் தடவிவிட்டுப் படுத்தேன்.

காலையில் பார்த்தால் ஆறு லூர்களில் பதினொரு கண்கள் சாம்பல் நிறத்தில், ஐஸ் பெட்டியில் நான்கு நாள் கிடந்த மீனின் கண்ணைப் போல இருக்கின்றன. மேலே பால் தெளித்தது போல ஒரு வெண்மை வேறு. கருமணி கரைந்து, மை தீட்டிய கண்ணோடு அழுததுபோல வழிந்திருக்கிறது. ஒரே ஒரு கண் மட்டும் முன்பு போலவே எரிகிறது. அது ஏன் தப்பியது என்றும் புரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

மரத்தூள்:

வெண்மைக்குக் காரணம் உடனடிப் பசைதான் தம்பி. அந்தப் பசையின் ஆவி அக்கம்பக்கத்தில் படிந்து வெள்ளையாகப் பூக்கும். கண் ஒட்ட அதைத் தொடவே கூடாது.

பழைய ரீல்:

நாற்பது வருடமாகத் தூண்டில் போடுகிறேன். கண்ணே இல்லாத ஈயத் துண்டில் சீலா மீன் அடித்திருக்கிறது. வெறும் கோழி இறகைக் கட்டிப் பாறை மீன் பிடித்திருக்கிறேன். ஆட்டம் சரியாக இருந்தால் போதும். கண், புருவம், மூக்குத்தி எல்லாம் கடையில் வாங்குகிறவனைப் பிடிப்பதற்கு.

உப்பங்கழி:

ஐயா, நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். செதுக்கிய பிறகு கண் இல்லாமல் விட மனம் வரவில்லை. சிற்பிகள்கூடக் கடைசியில் கண் திறந்தால்தான் சிலை என்கிறார்கள்.

நங்கூரம்:

மரத்தூள் அண்ணன் சொன்ன பூப்பு உண்மையில் உண்டு. ஆனால் இங்கே அது காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. பசைப் பூப்பு என்பது நுண்ணிய வெள்ளைத் தூள். அதன்மேல் எபாக்சி படிந்தால், ஈரம் பட்ட தேய்த்த கண்ணாடி போலப் பெரும்பாலும் தெளிந்துவிடும். உங்கள் வெண்மை எபாக்சிக்குக் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா? விரலால் தேய்த்துப் பாருங்கள். பிசுக்காக இருக்கிறதா? எபாக்சி பூசிய இரவு மழையா? தப்பிய அந்த ஒரு கண்ணில் எபாக்சி இருக்கிறதா இல்லையா என்பதையும் நகத்தால் தடவிப் பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருக்கிறது, பதில் வரட்டும்.

உப்பங்கழி:

மழைதான் அண்ணா, விடிய விடிய. சன்னலும் திறந்திருந்தது. வெண்மை மேலேதான் இருக்கிறது. தேய்த்தால் மெழுகு தொட்டதுபோல விரலில் ஒட்டுகிறது. லூரின் முதுகிலும் இருக்கிறது, கண்ணில் மட்டுமல்ல.

தப்பிய கண்ணைத் தடவினேன். சொரசொரப்பாக இருக்கிறது. கலவை தீர்ந்துபோய்க் கடைசி லூரின் இடது பக்கத்தைப் பூசாமலே விட்டிருக்கிறேன்! இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

நங்கூரம்:

அப்படியானால் உங்களிடம் இருப்பது ஒரு நோய் அல்ல, மூன்று. எளியதிலிருந்து வருகிறேன்.

வெண்மை: எபாக்சியின் ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேற்பரப்பில் பிசுக்கான படலமாகப் படியும். மழைக்கால இரவில், அதுவும் கடலோரத்தில், சன்னலைத் திறந்துவைத்துப் பூசினால் இது வரத்தான் செய்யும். பயப்பட வேண்டாம், நீரில் கரையும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் சோப்பைக் கலந்து, பச்சை நாரால் தேய்த்துக் கழுவுங்கள். கழுவாமல் அடுத்த பூச்சுப் பூசினால் அது உரிந்து வரும்.

கருமணி வழிந்தது: மார்க்கர் மை எபாக்சியில் கரைகிறது. அக்ரிலிக் கறுப்பு வண்ணம் வைத்து முழுதாகக் காயவிட்டால் வழியாது.

கண் செத்தது: இதுதான் சுவையான சங்கதி. அந்தப் பட்டையின் சொரசொரப்பு கண்ணாடி மணிகள். மாவு போலப் பொடியான உருண்டைகள், ஒவ்வொன்றின் அடிப்பாதியிலும் அலுமினியப் பூச்சு. ஒளி மணிக்குள் நுழையும்போது வளைந்து, சரியாக அடியில் உள்ள பூச்சின்மேல் குவிந்து, வந்த வழியே திரும்புகிறது. இந்தக் கணக்கு மணிக்கு மேலே காற்று இருந்தால்தான் சரியாக வரும். மணிக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) ஏறக்குறைய 1.9, காற்று 1, நீர் 1.33, எபாக்சி 1.5-ஐ ஒட்டி. மேலே எபாக்சி வந்ததும் ஒளி போதுமான அளவு வளைவதில்லை. குவியும் இடம் பூச்சைத் தாண்டிப் போய்விடுகிறது. மணி அதே மணிதான், ஆனால் பார்வை போய்விட்டது.

நம்பிக்கை இல்லையென்றால் தப்பிய கண்ணின்மேல் ஒரு சொட்டு நீர் விட்டு, விளக்கடித்துப் பாருங்கள்.

உப்பங்கழி:

விட்டேன். அணைந்துவிட்டது! ஊதி உலர்த்தினேன், ஓரத்திலிருந்து புள்ளி புள்ளியாகத் திரும்ப எரியத் தொடங்கியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் வந்து பார்த்துவிட்டு, "இதற்காகவா நல்ல சட்டையை வெட்டினாய்" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆக, எபாக்சி பூசாமல் விட்டிருந்தாலும் ஆற்றில் இறங்கிய நொடியே செத்திருக்கும். லாரிகளின் பின்னால் ஒட்டும் பளபளப்பான ஸ்டிக்கர் சரிவருமா? மழையிலும் அது தெரிகிறதே.

நங்கூரம்:

தெரியும். அதில் மணிகளுக்கு மேல் தெளிந்த பிளாஸ்டிக் படலம் சேர்த்தே கணக்குப் போட்டிருப்பார்கள். அதனால் மேலே நீர் பட்டாலும் எபாக்சி பட்டாலும் அவ்வளவாகக் கெடாது. தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக இருக்கும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். அதில் பலவற்றுக்குக் கட்டங்களுக்குள் காற்று அடைத்திருக்கும்; 6 மி.மீ. வட்டமாக வெட்டினால் எல்லாக் கட்டமும் உடைந்து நீர் புகுந்துவிடும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த ஸ்டிக்கர் செய்யப்பட்டதே ஒளியை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பத்தான். வண்டியின் முகவிளக்கு ஓட்டுநரின் கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால் அவருக்குத் தெரிகிறது. உங்கள் கைபேசி விளக்கு உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்ததால் உங்களுக்குத் தெரிந்தது. கொடுவா நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டா வருகிறது? சூரியன் மேலே, மீன் கீழே அல்லது பக்கவாட்டில். ஸ்டிக்கர் ஒளியைச் சூரியனுக்கே திருப்பிக் கொடுத்துவிடும், மீனுக்குச் சாம்பல் நிறம்தான். அதே மேலாடையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், பட்டை மங்கலாகத்தான் இருக்கும்.

உங்களுக்கு வேண்டியது லூர் ஆடும்போது எல்லாத் திசையிலும் சிதறும் மினுக்கு. கண்ணாடி போன்ற பரப்பு, கொஞ்சம் குழிவாகவோ முகம் முகமாகவோ இருந்தால் நல்லது.

மரத்தூள்:

பசையைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பழைய சிடியை வெட்டி வைப்பேன். வானவில் அடிக்கும். எபாக்சி பூசினாலும் சாகாது. ஆனால் நாலைந்து முறை கடலில் போட்டால் ஓரத்திலிருந்து கண்ணாடி போல வெறும் பிளாஸ்டிக்காக மாறிவிடுகிறது. இதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?

நங்கூரம்:

சிடியின் அலுமினியப் பூச்சு அடியில் இல்லை அண்ணா. எழுத்து அச்சடித்த மேல் பக்கத்தில், மெல்லிய வார்னிஷுக்குக் கீழே இருக்கிறது. அதற்கும் கீழேதான் 1.2 மி.மீ. பிளாஸ்டிக். வெட்டிய ஓரத்தில் உப்புநீர் நுழைந்து அலுமினியத்தைத் தின்கிறது. டிவிடி எடுத்துப் பாருங்கள். அது 0.6 மி.மீ. தகடுகள் இரண்டை ஒட்டியது. பூச்சு நடுவில், ரொட்டிக்குள் ஜாம் போல. ஓரத்தை மட்டும் எபாக்சியால் அடைத்தால் போதும். வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்து வெட்டினால் விரிசல் விடாது. வட்டமாக்க, தட்டையான ஆணித் தலையில் இருபக்க டேப்பால் ஒட்டி, ட்ரில்லில் மாட்டிச் சுற்றவிட்டு உப்புத்தாளைக் காட்டுங்கள். அசிட்டோன், தின்னர் பக்கத்தில் வரக்கூடாது, அந்த பிளாஸ்டிக் வெளுத்துவிடும்.

ஊசிநூல்:

நான் மீன் பிடிப்பதில்லை, ஆரி வேலை செய்பவள். தூண்டில் போடுவது என் கணவர். கண் கேட்டு என் டப்பாவில் கைவைத்ததால் எனக்கும் இந்த வித்தை தெரியும்.

தம்பி, சமிக்கி வாங்குங்கள். தட்டையானது வேண்டாம், கிண்ணம் போலக் குழிந்தது, வெள்ளி நிறம், 6 மி.மீ. நடுவில் ஓட்டை இருக்கும். கறுப்புத் தலை வைத்த குண்டூசியை அந்த ஓட்டையில் விட்டு மரத்தில் குத்துங்கள். ஊசித் தலைதான் கருமணி. மார்க்கரும் வேண்டாம், பசையும் வேண்டாம், கண் விழவும் விழாது. ஊசியை 8 மி.மீ. அளவுக்கு முன்பே நறுக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துக் கண் வழியாக வரும். (வந்தது.) குழிவில் எபாக்சி விட்டால் தானாக உருண்டு நிற்கும். மலிவான சமிக்கியில் சாயம் போகும். ஒன்றை எபாக்சியில் போட்டு ஓரிரவு வைத்துப் பார்த்துவிட்டு மீதியை ஒட்டுங்கள்.

கல் பொட்டு மட்டும் வேண்டாம். கையில் ஜொலிக்கும். எபாக்சியும் ஏறக்குறையக் கண்ணாடி மாதிரிதான் என்பதால் கல்லின் பட்டை முகங்கள் அதற்குள் காணாமல் போய்விடுகின்றன. ஒரு அட்டை வீணாக்கியிருக்கிறோம்.

பழைய சட்டையில் உண்மையான சிப்பிப் பொத்தான் கிடைத்தால் விடாதீர்கள். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் அப்படி இருக்காது. அதன் மினுக்கு உள் அடுக்குகளிலிருந்து வருவதால் எபாக்சிக்குள்ளும் மாறாது. இரண்டு ஓட்டைப் பொத்தான் வைத்தால் பன்றி மூக்கு போலத் தெரியும், அதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய ரீல்:

சிப்பி நல்ல யோசனை அம்மா. நியூசிலாந்தின் மாவோரிகள் கஹவாய் மீனுக்குச் செய்த தூண்டிலில் பாவா சிப்பியைத்தான் பதித்தார்கள், கண்ணாக அல்ல, உடம்பு முழுவதும். இதைச் சொல்வதால் நான் கட்சி மாறிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மரத்தூள்:

பிள்ளையாருக்கு வைக்கும் குன்றிமணி எப்படி? சிவப்பில் கறுப்புப் புள்ளி, செய்துவைத்த கண்.

நங்கூரம்:

அழகுதான், ஆனால் மினுக்காது. உள்ளே கடும் விஷம். துளைக்கவோ தேய்க்கவோ கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம்.

உப்பங்கழி:

பத்து நாள் கழித்து வருகிறேன். சோப்பு நீரில் வெண்மை முழுதும் போய்விட்டது. பழைய கண்களைத் தோண்டி எடுத்துவிட்டு, நான்கு லூருக்கு அக்கா சொன்ன சமிக்கியும் குண்டூசியும், இரண்டுக்கு டிவிடி. ஒட்டும் முன் எல்லாவற்றிலும் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்த்தேன், எதுவும் அணையவில்லை.

ஒரு சிக்கல் வந்தது. சமிக்கிக்கு அடியில் மாட்டிய காற்று, எபாக்சி இறுகும்போது குமிழியாக மேலே வந்து கருமணிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. இரண்டாவது முறை, சமிக்கியின் முதுகிலும் ஒரு துளி எபாக்சி வைத்து, அதன்பிறகு ஊசியை அழுத்தினேன். எபாக்சி பாட்டில்களை வெந்நீரில் வைத்து எடுத்ததில் கலவையும் நீர்த்து வந்தது. குமிழி இல்லை. வெயிலடித்த மதியம் பார்த்துப் பூசி, மூடிய அறையில் வைத்தேன்.

ஞாயிறு காலை ஆற்றுக்குப் போனேன். டிவிடிக் கண் வானவில் அடிக்கிறது, ஆனால் கலங்கிய நீரில் ஒரு முழத்துக்குக் கீழே நிறம் எதுவும் தெரியவில்லை. சமிக்கி அப்படியில்லை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெள்ளையாக ஒரு வெட்டு வெட்டுகிறது. ஏழாவது வீச்சில் ஒரு கொடுவா, இரண்டு கிலோ இருக்கும். கண்ணைப் பார்த்து அடித்ததா, ஆட்டத்தைப் பார்த்து அடித்ததா என்று தெரியாது, ஐயா கோபிக்க வேண்டாம்.

எட்டாவது வீச்சில் லூர் கண்டல் வேரில் போய் மாட்டியது. இழுத்ததில் தங்கூஸ் நூல் அறுந்துவிட்டது. நீர் வற்றியபோது கரையில் நின்று பார்த்தேன். வேர்களுக்கு நடுவே ஒரு கண் வெயிலில் மினுக்கிக்கொண்டே இருந்தது. இடுப்பளவு சேறு, இறங்க முடியவில்லை. நீண்ட மூங்கிலில் கொக்கி கட்டி எடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா?