கலைச்சொல்: சீர்தூக்குரை, அளவுகோல், தேறுவரை

பாளையங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்பு எழுத்துப் பயிற்சிக் கையேட்டில் மூன்று சொற்கள் முடிவாகாமல் நிற்கின்றன. ஒரு பொருளையோ இடத்தையோ எடுத்துக்கொண்டு, அது நல்லதா, வாங்கத்தக்கதா என்று காரணத்தோடு எழுதும் கட்டுரைவகை முதலாவது. எந்தப் பண்பை வைத்து அதை முடிவு செய்கிறோமோ அது இரண்டாவது. அந்தப் பண்பு எவ்வளவு இருந்தால் போதும் என்ற எல்லை மூன்றாவது.

முதலாவதை 'மதிப்பீட்டு வாதம்' என்று வைத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் மதிப்பீடு என்றால் வளரறி மதிப்பீடும் தொகுத்தறி மதிப்பீடும்தான். தங்களுக்கு மார்க் போடுகிற வேலை என்றே பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். 'தீர்ப்புக் கட்டுரை' இன்னும் மோசம், பட்டிமன்ற நடுவர் வந்து உட்கார்ந்துவிடுவார். இரண்டு அணியையும் பாராட்டிவிட்டுக் கடைசி வரியில் ஒரு முடிவு, நடுவில் காரணமே இருக்காது. என் பரிந்துரை 'சீர்தூக்குரை'. 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' என்று தராசைச் சொல்லும் 118ஆம் குறள் துணைக்கு இருக்கிறது. இரண்டாவதற்கு 'அளவுகோல்' பழகிய சொல், விட மனமில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

சீர்தூக்குரை சரி. கல்யாணச் சீர் ஞாபகம் வருகிறது என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

அளவுகோலில்தான் எனக்குத் தயக்கம். 'உன் அளவுகோல் என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். தரம், அழகு, விலை என்று ஒற்றைச் சொல்தான் பதிலாக வரும், எழுத்து அதோடு நின்றுவிடும். 'உரைகல்' என்று வைத்தால் என்ன? 505ஆம் குறளில் 'தத்தம் கருமமே கட்டளைக் கல்' என்று வருவது அதுதானே. உரைத்துப் பார்ப்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது; 'உரைத்ததில் என்ன தெரிந்தது?' என்ற அடுத்த கேள்வி தானாக வரும்.

தென்காசியிலிருந்து:

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது அண்ணாச்சி. ஆனால் உரைகல் காட்டுவது பொன்னின் மாற்றை, அதாவது தூய்மையை, மட்டும்தான். நமக்கு ஒரு பொருளுக்கு மூன்று பண்பாவது வேண்டும், அவற்றில் எது முக்கியம் என்பதும் வேண்டும். ஒற்றைச் சொல் பதிலுக்குக் காரணம் கேள்வி கேட்கும் விதம். சொல்லை மாற்றினால் அது தீராது.

பத்தமடையில் கோரைப்புல்லால் நெய்யும் பாயை எடுத்துக்கொள்வோம். 'இது நல்ல பாயா?' என்றால் யாராலும் எழுத முடியாது. தினமும் விரித்துப் படுக்கவா, மணமக்கள் பெயரை நெய்து கல்யாணத்துக்குக் கொடுக்கவா? பயன் மாறினால் அளவுகோலும் மாறும். அதனால் 'கல்யாணப் பரிசாகக் கொடுக்கும் பட்டுப்பாய்' என்று வகையையும் பயனையும் முதல் வரியிலேயே எழுத வைக்க வேண்டும். அடுத்து, 'நல்ல பரிசுப் பாய் என்றால் அது…' என்று தொடங்கி வினையில் முடியும் வாக்கியம் மூன்று. அதற்கு மேல் போனால் 45 நிமிட வகுப்பில் சான்று தேட நேரம் இராது.

ஒன்றை முழுசாக எழுதிக் காட்டுகிறேன். 'துணி போல மடிக்க வர வேண்டும்.' இது அளவுகோல். ஏன் மடிக்க வர வேண்டும்? பரிசு வெளியூருக்குப் போக வேண்டும், பெட்டிக்குள் அடங்க வேண்டும். முரட்டுக் கோரைப் பாயைச் சுருட்டத்தான் முடியும். கோரையை மெல்லிசாகக் கீறி, ஊறப்போட்டு, நெருக்கி நெய்தது மடிப்பைத் தாங்கும். சான்றுக்கு, பாயை நாலாக மடித்து விரித்து, மடிப்புக் கோட்டில் கோரை முறிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஸ்கேலை வைத்து ஓர் அங்குலத்துக்குள் எத்தனை கோரை என்று நடுவிலும் இரண்டு ஓரத்திலும் எண்ணலாம். ஓரத்தில் நெருக்கி நடுவில் இளக்கமாக விட்டிருந்தால் எண்ணிக்கையே சொல்லிவிடும்.

அந்த 'ஏன்' வரிதான் பிள்ளைகள் எழுத்தில் விடுபடுவது. அளவுகோலையே ஒத்துக்கொள்ளாதவரிடம் எத்தனை சான்று அடுக்கினாலும் நிற்காது. அந்த 'ஏன்' வரிக்குப் பெயராக மணிமேகலையின் தருக்கப் பகுதியில் வரும் 'ஏது' பொருந்துமா?

பாளையங்கோட்டையிலிருந்து:

பொருந்தாது அக்கா. பக்கம் (நிறுவ வேண்டிய முடிவு), ஏது, திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்ற வரிசையில் ஏது என்பது முடிவுக்கான காரணம். நீங்கள் கேட்பது அளவுகோலுக்கான காரணம். 'பொருத்தம்' என்று வெறுமனே வைத்தால் போதும்: 'இந்த அளவுகோல் இதற்கு ஏன் பொருத்தம்?'

மூன்றாவதற்கு 'தேறுவரை' என்று வைக்கிறேன். 35 வாங்கினால் பாஸ் என்பது போல, இதற்குக் கீழே போனால் தேறாது என்ற கோடு. 'மடிக்க வர வேண்டும்' அளவுகோல். 'நாலாக மடித்தும் ஒரு கோரைகூட முறியக் கூடாது' தேறுவரை. இந்த இரண்டையும் அளவுகோல் என்ற ஒரே சொல்லில் போட்டு அடைத்ததால்தான் 'ஓரளவு நல்ல பாய்' என்று வழுக்கி விழுந்தார்கள்.

பிழைகளுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம், நன்னூலின் பத்துக் குற்றத்தில் இருக்கிறது. 'நல்ல பாய் தரமாக இருக்க வேண்டும்' என்பது கூறியது கூறல். நல்லதையே வேறு சொல்லில் சொன்னதுதான். 'பாவு (நெடுக்கு இழை) பட்டு நூலாக வேண்டும், விலையும் கோரைப் பாய் விலையாக இருக்க வேண்டும்' என்பது மாறுகொளக் கூறல். பாயை விட்டுவிட்டுத் தாமிரபரணியின் பெருமையை ஒரு பக்கம் எழுதுவது மற்றொன்று விரித்தல். நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் இதுதான் அதிகம்!

அம்பாசமுத்திரத்திலிருந்து:

உரைகல்லைத் திரும்பப் பெறுகிறேன். தேறுவரைக்கு என் ஓட்டு. ஒன்று மட்டும்: எல்லா அளவுகோலுக்கும் தேறுவரை கேட்காதீர்கள். மடிப்பு தாங்குவது கட்டாயம். பெயர் நெய்திருப்பது இருந்தால் சிறப்பு. கட்டாயத்துக்கு மட்டும் தேறுவரை கேளுங்கள், சிறப்பு என்பதற்கு அது எதற்கு?

பயிற்சித் தாளில் 'முடிவு' கட்டத்தை அடியில் போடுங்கள். மேலே இருந்தால் 'நல்ல பாய்' என்று முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தோதாக அளவுகோலை வளைத்துவிடுகிறார்கள். வகை, பயன், அளவுகோல், பொருத்தம், தேறுவரை, சான்று, பிறகு முடிவு. இந்த வரிசையில் ஏழு கட்டம் கிழித்தால் ஒரு பக்கத்தில் அடங்கும்.