ஹிப்பா (நோயாளித் தகவலைக் காக்கும் அமெரிக்க மத்திய அரசுச் சட்டம்) இருக்கும்போது வாஷிங்டன் சட்டமும் கிளினிக்குக்குப் பொருந்துமா?

கேள்வி:
வணக்கம். வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கிளினிக்கில் ஐடி வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒரு பெண்ணிடமிருந்து மெயில் வந்தது. எங்களிடம் சிகிச்சைக்கு வந்தவர் இல்லை. வெப்சைட்டில் குழந்தையின்மை பற்றிய பக்கத்தைப் படித்து, செய்திமடலுக்குப் பதிந்திருக்கிறார். "என் தகவலை அழியுங்கள், யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்" என்று கேட்கிறார். மேனேஜரோ "ஹிப்பா போதும், விடு" என்கிறார். அந்தப் பக்கத்தில் விளம்பர பிக்சல் (பார்ப்பவரின் விவரத்தை விளம்பர நிறுவனத்துக்கு அனுப்பும் சிறு நிரல்) ஓடுகிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
மெயிலை விட்டுவிடாதீர்கள். 2023-இல் வாஷிங்டன் கொண்டுவந்த 'மை ஹெல்த் மை டேட்டா' சட்டம், ஹிப்பாவுக்குள் வரும் தகவலுக்குத்தான் விலக்கு தருகிறது. கிளினிக்குக்கே விலக்கு இல்லை. நோயாளியின் ஃபைல் ஹிப்பா பக்கம். நோயாளியே அல்லாத ஒருவர் எந்த நோயைப் பற்றிப் படித்தார் என்பது இந்தச் சட்டத்தின் பக்கம். 2024 மார்ச் 31 முதலும், சிறு நிறுவனங்களுக்கு ஜூன் 30 முதலும் அமலில் இருக்கிறது. லாப நோக்கமற்ற அமைப்பும் தப்பாது. பதில் சொல்ல 45 நாள்.

பதில் 2:
முதல் வேலையாக பிக்சலை நிறுத்துங்கள். அப்புறம் அப்பாயின்ட்மென்ட் படிவம், சாட் பெட்டி, மேப் என்று ஒவ்வொன்றும் எதை எங்கே அனுப்புகிறது எனப் பட்டியல் போடுங்கள். எங்கள் இடத்தில் அந்தப் பட்டியலைப் பார்த்தபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது. சேகரிக்க ஒரு சம்மதம், பகிர வேறொரு சம்மதம். இரண்டையும் ஒரே டிக்கில் அடக்கக் கூடாது. இதற்கென்று தனி தனியுரிமைக் கொள்கை எழுதி, முகப்பில் இணைப்பு கொடுக்க வேண்டும். மீறினால் பாதிக்கப்பட்டவரே வழக்குப் போடலாம். மேனேஜரிடம் இதை அவசியம் சொல்லுங்கள். நெவாடா மாநிலத்தில் கிளை இருந்தால் தனியாகப் பாருங்கள். அங்கே உள்ள இதே மாதிரிச் சட்டத்தில் ஹிப்பாவுக்கு உட்பட்ட நிறுவனத்துக்கே விலக்கு உண்டு, தனிநபர் வழக்குக்கும் வழியில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. தேடியதில் இரண்டு பிக்சல்கள் சிக்கின. ஒன்று பழைய விளம்பர ஏஜென்சி வைத்துவிட்டுப் போனது! இரண்டையும் எடுத்தாயிற்று. பேக்கப்பில் இருப்பதையும் அழிக்கணுமா?

பதில் 1:
ஆமாம். பேக்கப்புக்கு மட்டும் 6 மாதம் வரை அவகாசம் உண்டு. அந்தத் தகவல் போய்ச்சேர்ந்த எல்லோருக்கும், ஏஜென்சி உட்பட, அழிக்கச் சொல்லி எழுதுங்கள். அவர்களும் அழித்தாக வேண்டும்.